கத்தி வைக்கும் முன்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய உடல்நலக் கருத்தரங்கில், ஒரே வகுப்பிற் பயின்ற இரு வைத்தியர்கள் இணைந்து ஆற்றிய உரை)



எங்களைப் பேச அழைத்த செயலாளர் அக்கா இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஒன்று, தமிழிற் பேசவேண்டும். மற்றது, ஒருவரையும் பயப்படுத்தக் கூடாது. முதலாவது நிபந்தனையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். சத்திரசிகிச்சையைத் தமிழிற் சொல்வது எமது மண்ணுக்குப் புதிதன்று. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமது மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலும் தமிழில் வெளிவந்தது. அன்று இயன்றது இன்று இயலாமற் போகக்கூடாது. இரண்டாவது நிபந்தனையை இயன்றவரை காப்பாற்றப் பார்க்கிறோம்.

எங்களில் ஒருவர் சத்திரசிகிச்சை நிபுணர். மற்றவர் நோயியல் நிபுணர். அதாவது, வெட்டி எடுத்ததை நுணுக்குக்காட்டியிற் பார்த்து இன்னதென்று சொல்பவர். உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். அந்த வாங்கில் மூன்றாவதாக ஒருத்தியும் இருந்தாள். இந்த உரையை ஆற்ற ஒப்புக்கொண்டதற்கு அவளே காரணம். அவளைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மென்னிழையப் புற்றுநோய்களும் அவற்றுக்கான சத்திரசிகிச்சையும். தோலுக்கும் என்புக்கும் இடையிலுள்ள கொழுப்பு, தசை, நரம்பு, குருதிக்குழாய், மூட்டைச் சூழ்ந்த நார்கள் முதலியவற்றை மென்னிழையங்கள் என்கிறோம். இவற்றில் தோன்றும் புற்றுநோய்க்குச் சார்க்கோமா என்று பெயர். அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. கைகால்களிலேயே அதிகம் வரும். அவற்றுள்ளும் தொடையில் மிகுதி. வயிற்றின் பின்புறத்திலும் வருவதுண்டு.

இது அரிதான நோய். வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றளவே இது. அப்படியானால் இதைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்பீர்கள். அரிதாக இருப்பதாலேயே, வரும்போது எவரும் இதை நினைப்பதில்லை. நோயாளியும் நினைப்பதில்லை, சிலவேளை வைத்தியரும் நினைப்பதில்லை. மார்பிலே ஒரு கட்டி என்றால் இன்று எமது பெண்கள் விழித்துக்கொள்கிறார்கள். தொடையிலே கட்டி என்றால், “ஊளைச்சதையாக்கும்” என்று சேலையால் மூடிவிடுகிறார்கள்.

கட்டி என்றவுடன் கலங்க வேண்டாம். உடம்பில் வரும் மென்னிழையக் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்ற கொழுப்புக் கட்டிகள் போன்றவையே. தீங்கற்ற கட்டிகள் நூறு வந்தால் சார்க்கோமா ஒன்று வரும் என்ற அளவிற்கூடச் சொல்ல முடியாது, அதனினும் குறைவு. ஆனால் அந்த ஒன்றைப் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. கட்டி 5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதா? ஒரு பெரிய தேசிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அது வளர்ந்துகொண்டு போகின்றதா? ஆழத்தில் இருக்கின்றதா? தசையை இறுக்கும்போது அசையாமற் பிடித்துக்கொண்டால் அது தசைக்குள் அல்லது தசைக்குக் கீழே இருக்கக்கூடும். முன்பு ஒருமுறை வெட்டி எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கின்றதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் காலந்தாழ்த்தவே கூடாது.

இந்தப் பட்டியலில் நோவு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நோவுள்ள கட்டியையும் காட்டத்தான் வேண்டும்; ஆனால் நோவில்லை என்பது ஆறுதல் கொள்ளத்தக்க செய்தியன்று. எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் வசனம், “நோகேல்லை டொக்டர், அதுதான் விட்டிட்டன்” என்பதே. இந்தக் கட்டிகளிற் பல நோவின்றியே வளர்கின்றன. அடிபட்ட இடத்தில் வந்ததென்று எண்ணெய் பூசி உருவுவோரும் உளர். அடி கட்டியை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருந்த கட்டியை அந்த அடி கவனிக்க வைக்கின்றது.

இன்னொன்றையும் பெண்கள் மட்டும் கூடியிருக்கும் இந்த மண்டபத்தில் வெளிப்படையாகச் சொல்லலாம். தொடையும் இடுப்பும் பிட்டமும் நாம் பிறருக்குக் காட்டக் கூசும் இடங்கள். அடக்கமாக உடுக்கவும் நடக்கவும் இந்தப் பாடசாலையிலேயே பழகினோம், அதிற் பிழையில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டாம். பெண் வைத்தியர்தான் வேண்டுமென்றால் கேளுங்கள். ஒரு பெண் தாதி உடனிருக்கவேண்டுமென்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. மறைப்பதால் கட்டிக்குக் காலமே கிடைக்கின்றது.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். சார்க்கோமா வளரும்போது தன்னைச் சூழ்ந்த இழையங்களை நெருக்கித் தள்ளுகின்றது. நெருக்குண்ட இழையங்கள் கட்டியைச் சுற்றி ஓர் உறைபோல அமைகின்றன. வெட்டித் திறந்தால், பழுத்த பலாச்சுளையிலிருந்து கொட்டை வழுகி வருவதுபோலக் கட்டி உறையிலிருந்து இலகுவாகக் கழன்று வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு முழுவதும் வந்துவிட்டது போலவே தோன்றும். ஆனால் அந்த உறை உண்மையான எல்லை அன்று. உறைக்குள்ளும் அதற்கு அப்பாலும் புற்றுக்கலங்கள் பரவியிருக்கும். கொட்டையை மட்டும் எடுத்தால் அவை அங்கேயே தங்கிவிடும். ஆகவே சரியான சத்திரசிகிச்சை என்பது சுளையோடும் அதைச் சுற்றியுள்ள சடையோடும் சேர்த்துக் கொட்டையை எடுப்பது போன்றது. கட்டியைச் சுற்றிலும் நல்ல இழையம் ஒரு போர்வையாக இருக்கவேண்டும். நன்றாக நடந்த சத்திரசிகிச்சையில், எங்களிற் கத்தி பிடிப்பவர் கட்டியைக் கண்ணாற் காண்பதேயில்லை.

எங்கள் தோழியின் கதையை இப்போது சொல்லலாம். அவளுடைய வீட்டாரின் சம்மதத்துடனேயே சொல்கிறோம், பெயரைச் சொல்லவில்லை. அவள் வலைப்பந்து அணியில் விளையாடியவள். படிப்பு முடித்து ஆசிரியையாகிச் சில காலத்தின் பின், முழங்காலுக்குப் பின்புறம் சற்று மேலே ஒரு கட்டி இருப்பதைக் கண்டாள். அப்போது நாங்கள் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள். இரவுக் கடமையில் இருந்த எங்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தாள். “நோகுதோ?” என்று கேட்டோம். “இல்லை” என்றாள். “அப்ப பயப்பிடாதை, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்” என்றோம். சில நாள் கழித்து மற்றவரிடமும் கேட்டாள். அதே பதில். இருவரும் அந்தக் கட்டியைப் பார்க்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை, எவ்வளவு பெரிது என்றுகூடக் கேட்கவில்லை.

ஓராண்டு சென்றது. கட்டி பெருத்தபோது ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் விறைப்பூசி போட்டு அதை எடுத்தார்கள். குறுக்காக வெட்டி, உறையிலிருந்து கழற்றி எடுத்து, தைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படவில்லை. எட்டு மாதத்தில் அதே தழும்பின்கீழ் மீண்டும் வந்தது. அது சைனோவியல் சார்க்கோமா என்று அதன் பின்னரே தெரிந்தது. இளம் வயதினரிடம் காணப்படும் வகைகளில் அதுவும் ஒன்று. நெஞ்சை ஸ்கான் செய்தபோது இரு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. கால் சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. நுரையீரலிற் பரவியதை நிறுத்த முடியவில்லை. முப்பது வயது நிறையுமுன் போய்விட்டாள்.

முதலிலேயே கண்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்நோய் சிலரிற் பரவுகின்றது. ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்கவேண்டிய நல்ல வாய்ப்பொன்று கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பை முதலிற் பறித்தது எங்கள் இருவரின் பதில். குறுக்கு வெட்டு அதற்குப் பின்னர்தான் வந்தது. அவள் ஒருநாளும் அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டவில்லை. நாங்கள்தான் இன்று உங்கள் முன் சொல்கிறோம்.

சரியான வழி எது? கத்தி வைக்கும் முன் கட்டியை அறிவதே. முதலில் வைத்தியர் தொட்டுப் பார்க்கவேண்டும். ஐயமிருந்தால் ஸ்கான், எம்.ஆர்.ஐ. ஸ்கானில் கட்டி எந்தத் தசைக்குள் இருக்கின்றது, பெரிய நரம்புக்கும் குருதிக்குழாய்க்கும் எவ்வளவு அருகில் இருக்கின்றது என்பவை தெரியும். அதன் பின்னர் பயொப்சி. விறைப்பூசி போட்டு, உள்ளே துளையுள்ள ஊசியொன்றால் கட்டியிலிருந்து மெல்லிய தண்டுபோலச் சில துண்டுகள் எடுக்கப்படும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று நம்மிடையே ஒரு பயமுண்டு. ஒழுங்காகச் செய்யும் பயொப்சியைப் பற்றி அப்படிப் பயப்படத் தேவையில்லை. ஊசி செல்லும் பாதையையும் பின்னர் கட்டியோடு சேர்த்து எடுக்கக்கூடியதாகத் திட்டமிடவேண்டும் என்பதே முக்கியம். ஆகையால் பயொப்சி செய்யுமுன்னரே சத்திரசிகிச்சை நிபுணருடன் கலந்துகொள்வது நல்லது. சார்க்கோமா குருதி வழியாகப் பெரும்பாலும் நுரையீரலுக்கே செல்வதால், நோய் உறுதியானதும் நெஞ்சையும் ஸ்கான் செய்கிறோம்.

பயொப்சித் துண்டு எங்களில் மற்றவரிடம் வருகின்றது. கலங்கள் எந்த இழையத்தை ஒத்திருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, எவ்வளவு பகுதி இறந்துபோயிருக்கின்றது என்பவற்றைப் பார்த்து நோயின் வகையையும், மூன்று தரங்களில் எத்தரத்தது என்பதையும் சொல்லவேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு நிறமூர்த்தங்கள் நினைவிருக்கும். எங்கள் தோழிக்கு வந்த வகையில், எக்ஸ் நிறமூர்த்தத்துக்கும் 18ஆம் நிறமூர்த்தத்துக்கும் இடையே துண்டுகள் இடம் மாறியிருக்கும். இன்று அதையும் பரிசோதித்து நோயை உறுதிசெய்யலாம்.

சத்திரசிகிச்சை நாளிலே காலின் நீளவாக்கில் வெட்டுகிறோம். குறுக்கே வெட்டினால், தேவையேற்பட்டு மீண்டும் வெட்டும்போது தேவைக்கு மேல் தோலும் தசையும் இழக்க நேரும். கட்டியையும் ஊசிப் பாதையையும் சுற்றியுள்ள நல்ல இழையத்தையும் ஒரே துண்டாக எடுக்கிறோம். பெரிய நரம்போ என்போ மிக அருகிலிருந்தால், நரம்பின் உறையையோ என்பின் மேலுறையையோ சேர்த்தெடுத்து நரம்பையும் என்பையும் காப்பாற்ற முயல்கிறோம். குருதிக்குழாயை எடுக்க நேர்ந்தால் வேறிடத்து நாளமொன்றை அங்கே பொருத்துவதுண்டு. பெரிய குழி விழுந்தால் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர் தசையையும் தோலையும் கொண்டுவந்து மூடுவார். எடுத்த துண்டின் மேற்பக்கம், உட்பக்கம் எவையென்று தெரிய நூலால் அடையாளமிட்டு அனுப்புகிறோம். ஆய்வுகூடத்தில் அதன் வெளிப்புறமெங்கும் மை பூசப்படும். பின்னர் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்போம். புற்றுக்கலங்கள் மையைத் தொடுகின்றனவா, இல்லையேல் எத்தனை மில்லிமீற்றர் தூரத்தில் நிற்கின்றன என்று எழுதுவோம். உங்கள் அறிக்கையில் விளிம்பு பற்றி எழுதப்பட்டிருக்கும் வரியைத் தவறாமற் கேட்டறியுங்கள்.

“காலை எடுத்துவிடுவீர்களா?” என்பதே எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. ஒரு காலத்தில் அதுவே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை மாற்றியது 1982இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் ஸ்டீவன் றோசன்பேர்க்கும் அவரது குழுவினரும் 43 நோயாளரைச் சேர்த்தார்கள். 16 பேருக்கு அவயவம் அகற்றப்பட்டது. 27 பேருக்குக் கட்டி மட்டும் நல்ல இழையத்தோடு எடுக்கப்பட்டு, கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. கால் காப்பாற்றப்பட்டவர்களில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. அகற்றப்பட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆயினும் ஐந்தாண்டு முடிவில் உயிருடன் இருந்தோரின் விகிதம் 83க்கு 88 என்று ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. காலை எடுத்ததால் உயிர் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை. இன்று சிறப்பு நிலையங்களில் கைகாலில் சார்க்கோமா வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அவயவம் காப்பாற்றப்படுகின்றது. சிலருக்கு அகற்றுவதே சரியான சிகிச்சையாக அமையும் என்பதையும் மறைக்கவில்லை. போரினாற் காலிழந்தவர்கள் நிமிர்ந்து வாழ்ந்து காட்டிய மண் எம்முடையது. யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் அதற்குச் சாட்சி.

கதிர்வீச்சைச் சத்திரசிகிச்சைக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா? இதற்கு விடைதேடிய முக்கிய ஆய்வு கனடாவில் நடந்து 2002இல் வெளிவந்தது. எமது பழைய மாணவிகள் பலர் வாழும் ரொறன்ரோ அதிற் பெரும்பங்கு வகித்தது. முன்னர் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்குக் காயம் ஆறுவதிற் சிக்கல். பின்னர் கொடுத்தவர்களில் 17 பேருக்கு. மறுபுறத்தில், முன்னர் கொடுக்கும்போது கதிர்வீச்சின் அளவு குறைவு. 25 அமர்வுகளில் முடிந்துவிடும். காலில் நெடுங்கால இறுக்கமும் வீக்கமும் குறைவு. ஆகவே இது ஆளுக்காள், இடத்துக்கிடம் தீர்மானிக்க வேண்டியது. மருந்தேற்றும் சிகிச்சையும் சில வகைகளுக்கும் சில நிலைகளுக்குமே பெரிதும் பயன்படுகின்றது. இவற்றை ஒருவர் தனியே முடிவுசெய்யக்கூடாது. சத்திரசிகிச்சை நிபுணர், நோயியல் நிபுணர், கதிர்ப்பட நிபுணர், புற்றுநோய் நிபுணர் ஆகியோர் ஒன்றாக இருந்து பேசவேண்டும். அதுவும் முதல் வெட்டுக்கு முன் பேசவேண்டும்.

வயிற்றின் பின்புறம் வரும் சார்க்கோமா பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இடம் விசாலமாகையால் கட்டி பல கிலோ எடைக்கு வளர்ந்தபின்னரே தெரியவரும். “உடம்பு வைச்சிட்டுது” என்று சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களைக் கண்டிருக்கிறோம். கைகால் மெலிய வயிறு மட்டும் பெருத்தால் காட்டுங்கள். அங்கே சிறுநீரகத்தையோ குடலின் ஒரு பகுதியையோ சேர்த்தெடுக்க நேரும். ஆகவே முதலாவது சத்திரசிகிச்சையே மிக நல்ல சந்தர்ப்பம்.

ஏற்கெனவே ஒரு கட்டியை இப்படி எடுத்துவிட்டவர்கள் இங்கு இருக்கலாம். அறிக்கை இருந்தால் எடுத்துப் பாருங்கள். சார்க்கோமா என்றிருந்தால் மனம் உடைய வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். உறையிலிருந்து கழற்றி எடுத்தவர்களில் மீண்டும் அந்த இடத்தை வெட்டிப் பார்க்கும்போது பலருக்கு நோய் எஞ்சியிருப்பதைக் காண்கிறோம். தழும்போடு அந்த இடம் முழுவதையும் எடுத்துத் தேவையான கதிர்வீச்சும் கொடுத்தால் பலர் நன்றாக இருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சைக்காக வீட்டை விற்க வேண்டியதில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழைக்கு நிதி திரட்ட 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்துவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் சார்க்கோமா சிறப்பு நிலையத்துக்குக் கடிதம் தரும்படி கேட்கலாம்.

முடிக்குமுன் உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் உடம்பை மாதமொருமுறை குளிக்கும்போது தடவிப் பாருங்கள். மார்போடு நிறுத்தாமல் தொடையையும் தோளையும் முதுகையும் பாருங்கள். தேசிக்காய்க்கு மேற்பட்ட, வளர்கின்ற, ஆழமான கட்டியை ஸ்கானும் பயொப்சியும் இல்லாமல் எவரும் வெட்ட விடவேண்டாம். எந்தச் சிறு கட்டியை எடுத்தாலும், “ஆய்வுகூடத்துக்கு அனுப்பினீர்களா?” என்று கேளுங்கள். அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசி வேண்டுகோள் வைத்தியர்களாகிய பழைய மாணவிகளுக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் இன்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கின்றது. இலண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தோழிகள் படம் அனுப்பி, “இது என்னடி?” என்று கேட்கிறார்கள். அன்பினால் உடனே ஆறுதல் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். “எவ்வளவு பெரிது? வளருதோ? நாளைக்கே ஒருவரிட்டைக் காட்டு. காட்டினாப் பிறகு எனக்குச் சொல்லு” என்று எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, காட்டினாளா என்று நீங்களே திரும்பக் கேளுங்கள். அன்று எங்களுக்கு அது தெரியவில்லை.

செயலாளர் அக்காவின் இரண்டாவது நிபந்தனையை மீறியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து பேசப் பழக்கிய இந்தக் கல்லூரிக்கும், எங்களோடு அந்த வாங்கில் இருந்தவளுக்கும் இந்த உரையைச் சமர்ப்பிக்கிறோம்.